இருப்பதா, விலகுவதா? அரசு வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சட்டத்தை வெறும் தடையாகப் பார்க்கும் ஒரு தலைமை மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் அந்த அரசின் சட்டத் துறையிலோ, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் அலுவலகத்திலோ, ஏதோ ஓர் அமைச்சகத்தின் சட்டப் பிரிவிலோ வேலை பார்க்கிறீர்கள். இருப்பதா, போவதா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெடுகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே இடத்தில் முன்பு நின்றவர்கள் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இருப்பதா போவதா என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதுதான் முதல் கேள்வி.

புதிய தலைமையின் கொள்கைகள் எனக்குப் பிடிக்கவில்லை. விலக இது போதாதா?

பெரும்பாலும் போதாது. தேர்தலில் ஜெயித்தவர்கள் கொள்கையை மாற்றுவார்கள், அதற்குத்தானே தேர்தல். முந்தைய அரசு போட்ட மேல்முறையீட்டைக் கைவிடுவது, ஒரு சட்டப்பிரிவுக்கு வேறு பொருள் சொல்வது, ஒரு வகைக் குற்றத்துக்கு முன்னுரிமையைக் குறைப்பது எல்லாம் நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் நேர்மையாக வாதாடக்கூடிய விஷயங்கள். எனக்குப் பிடித்த அரசுக்கு மட்டும்தான் வேலை செய்வேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால் நிரந்தரப் பணி என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தம் இருக்காது.

சட்டத்தின் மீதே பகை கொண்ட தலைமை வேறு மாதிரி. நீதிமன்ற உத்தரவை மீறிவிட்டு அதை மறைக்க வாசகம் கேட்பார்கள். யார் மீது வழக்குப் போடுவது, யாரை விடுவது என்பதை விசுவாசத்தை வைத்துத் தீர்மானிப்பார்கள். சட்டக் கருத்து கேட்கும்போதே முடிவையும் எழுதித் தருவார்கள். 'இது சட்டப்படி முடியாது' என்று சொன்னவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல இடங்களில் முதலில் வருவது அதுதான். அதைக் கவனியுங்கள்.

நான் யாருக்கு வழக்கறிஞர்? அமைச்சருக்கா, அரசுக்கா, மக்களுக்கா?

மக்களுக்கு என்று சொல்ல ஆசையாக இருக்கும். அந்தப் பதிலில் ஓர் ஆபத்து உண்டு. மக்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, அமைச்சரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் பெயரைச் சொல்லி ஒவ்வொரு வழக்கறிஞரும் தன் விருப்பத்தை நடத்த ஆரம்பித்தால் அதுவும் ஒருவகை அத்துமீறல்தான். அமைச்சருக்கு என்று சொன்னால் அவருடைய சொந்த வக்கீலாகிவிடுவீர்கள்.

தொழில் நெறி சொல்லும் பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நெறிகளில் 1.13 ஆவது விதிப்படி, ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்யும் வழக்கறிஞரின் கட்சிக்காரர் அந்த நிறுவனம்தான், அதன் தலைவராக இருக்கும் ஆள் இல்லை. 1935ல் பெர்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே குற்றவியல் பக்கத்திலிருந்து சொன்னது: அரசு வழக்கறிஞரின் அக்கறை வழக்கில் ஜெயிப்பது இல்லை, நீதி நடக்க வேண்டும் என்பதுதான். ஆக, சட்டம் வரையறுத்த வடிவத்தில் இருக்கும் அரசுதான் உங்கள் கட்சிக்காரர். சட்டத்துக்குள் நிற்கும்வரை அமைச்சர் அதன் குரல். வெளியே போனால் அவர் சொல்வது கட்சிக்காரரின் கட்டளை ஆகாது.

"நான் போனால் என் இடத்துக்கு இன்னும் மோசமானவர் வருவார்." இது நியாயமான காரணம்தானே?

இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பல சமயம் இது உண்மைதான். ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

ஃபிரான்ஸ் ஷ்லெகல்பெர்கர் ஜெர்மனியின் நீதி அமைச்சகத்தில் நாஜிகள் வருவதற்கு முன்பிருந்தே உயர் செயலாளர். மதிப்புமிக்க சட்ட அறிஞர். 1933க்குப் பிறகும் அவர் போகவில்லை. 1941 தொடக்கத்தில் அமைச்சர் இறந்தபோது பொறுப்பு அமைச்சராகி, 1942 ஆகஸ்ட் வரை அந்த நாற்காலியில் இருந்தார். போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் நீதித்துறையினர் மீது நடந்த வழக்கில் அவர் சொன்ன தற்காப்பு நீங்கள் சொல்வதேதான்: நான் விலகியிருந்தால் என்னைவிடக் கொடியவர் வந்திருப்பார். அது பொய்யும் இல்லை. அவருக்குப் பின் வந்த டீராக் கொடியவர்தான்.

ஆனால் ஷ்லெகல்பெர்கர் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். முட்டைகளைப் பதுக்கியதாக ஒரு யூத முதியவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது போதாது, அவர் சாக வேண்டும் என்றார் ஹிட்லர். மரண தண்டனையை நிறைவேற்றுவதற்காக அந்த மனிதரை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று 1941 அக்டோபரில் பதில் எழுதியவர் இவர்தான். 1947 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஒன்றை ஒப்புக்கொண்டது: தான் செய்த தீமையை இவர் வெறுத்தார். இருந்தும் ஆயுள் தண்டனை கொடுத்தது. வெறுத்துக்கொண்டே செய்ததற்குச் சலுகை கிடைக்கவில்லை.

அதே அமைச்சகத்தில் இன்னொருவரும் இருந்தார். ஹான்ஸ் ஃபான் டோனானி, அமைச்சரின் நெருங்கிய உதவியாளர். தன் மேசைக்கு வந்த கோப்புகளிலிருந்து நாஜிகளின் குற்றங்களை ஆண்டுக்கணக்கில் ரகசியமாகப் பதிவு செய்துவைத்தார். பின்னர் ராணுவ உளவுத்துறைக்குப் போய், 1942ல் ஒரு யூதக் குழுவை உளவாளிகள் என்ற போர்வையில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்தார். 1943ல் கைதானார், 1945 ஏப்ரலில் கொல்லப்பட்டார்.

இரண்டு பேரும் இருந்தவர்கள்தான். நீங்கள் இருக்கும் அரசு அந்த அரசைப் போன்றது என்று நான் சொல்லவில்லை. வாதத்தின் எலும்புக்கூடு மட்டும்தான் ஒன்று. அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். நான் இருந்ததால் கடந்த சில மாதங்களில் எது நடக்காமல் போனது? குறிப்பிட்ட ஒரு கோப்பை, ஒரு மனுவை, ஒரு மனிதரைக் காட்ட முடிந்தால் உங்கள் வாதம் உயிரோடு இருக்கிறது. "பொதுவாக ஒரு மிதப்படுத்தும் செல்வாக்கு" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் உங்களுக்கே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அது உண்மையானதும் இல்லை.

உள்ளே இருந்து உண்மையிலேயே எதையாவது தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் முனகிக்கொண்டு இருப்பதால் இல்லை. ஆல்பெர்டோ மோராவின் கதையை ஒவ்வோர் அரசு வழக்கறிஞரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

2002 டிசம்பரில் அவர் அமெரிக்கக் கடற்படையின் தலைமைச் சட்ட ஆலோசகர். அரசியல் நியமனம், அந்த அரசை மனதார ஆதரித்தவர். அமெரிக்க ராணுவச் சிறை இருந்த குவான்டனாமோவில் கைதிகளைக் கொடூரமாக விசாரிப்பதாகக் கடற்படையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு அவரிடம் சொன்னது. பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டே அந்த முறைகளுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். மோரா மேலிடத்துச் சட்ட ஆலோசகரிடம் நேரில் போய்ப் பேசினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் பேசினார். அப்புறம் 2003 ஜனவரி 15 அன்று, இந்த முறைகள் சட்டவிரோதம் என்று சொல்லும் ஒரு குறிப்பின் வரைவைக் கையெழுத்தில்லாமல் அனுப்பினார். முறைகள் நிறுத்தப்பட்டதாகத் தகவல் வராவிட்டால் இன்று மாலைக்குள் கையெழுத்திட்டுவிடுவேன் என்றும் தெரிவித்தார். அன்றே ரம்ஸ்ஃபெல்ட் ஒப்புதலை நிறுத்திவைத்தார்.

கையெழுத்து விழுந்த குறிப்பு கோப்பில் ஏறிவிடும், பிறகு 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று சொல்ல முடியாது. வழக்கறிஞரின் பலம் இதுதான், இதைத் தவிர வேறு ஆயுதம் உங்களிடம் இல்லை.

மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நீதித்துறையின் (நீதிமன்றங்கள் இல்லை, அரசின் சட்ட அமைச்சகம்) சட்டக் கருத்து அலுவலகம் 2003 மார்ச்சில் கடுமையான விசாரணை முறைகளை அனுமதிக்கும் கருத்தை எழுதித் தந்தது. விசாரணை முறைகளை ஆராய அமைத்த பணிக்குழுவின் இறுதி அறிக்கை மோராவுக்குத் தெரியாமலே ஏற்கப்பட்டது, தெரியவந்தது 2004ல்தான். அவர் ஜெயித்தது பாதி. அந்தப் பாதிக்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்பதால் நான் அதைச் சிறிதாக நினைக்கவில்லை. அதே சட்டக் கருத்து அலுவலகத்துக்குப் பின்னர் தலைவராக வந்த ஜாக் கோல்ட்ஸ்மித், 2004 ஜூனில் சித்திரவதை பற்றிய 2002 ஆகஸ்ட் கருத்தைத் திரும்பப் பெற்றார். கூடவே ராஜினாமாவையும் கொடுத்தார். கருத்தை மறுபடி உயிர்ப்பித்தால் அதை எதிர்த்துத்தான் அவர் போனார் என்று ஆகிவிடும். விலகுவதையே ஒரு பூட்டாகப் பயன்படுத்திய அபூர்வமான நிகழ்வு அது.

எங்கே நிற்பது என்று எப்படி முடிவு செய்வது?

நெருக்கடி வருவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, எழுதி. அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேலதிகாரி தொலைபேசியில் காத்திருக்கும்போது யாருக்கும் தெளிவு வராது. என் பட்டியல் குறுகியது. நீதிமன்றத்தில் பொய் சொல்லமாட்டேன், பொய் என்று தெரிந்த வாக்குமூலத்தைத் தாக்கல் செய்யமாட்டேன். எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டிய ஆதாரத்தை மறைக்கமாட்டேன். நீதிமன்ற உத்தரவை மீறுவதற்கு உதவமாட்டேன். ஆதாரம் இல்லாமல் ஒருவர் மீது குற்றவழக்குப் போடமாட்டேன். இவற்றில் முதலாவது எல்லாவற்றையும்விட முக்கியம். அரசு வழக்கறிஞர் எழுந்து நின்று சொன்னால் நீதிபதி நம்புகிறார் என்பது பல தலைமுறை வழக்கறிஞர்கள் சேர்த்துவைத்த சொத்து, அதை ஒரே பிற்பகலில் செலவழித்துவிடலாம்.

எரெஸ் ரூவேனி அமெரிக்க நீதித்துறையில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தவர். குடியேற்றக் கொள்கைகளைப் பல அரசுகளுக்காக நீதிமன்றத்தில் காத்தவர். 2025 ஏப்ரல் 4 அன்று, எல் சால்வடாருக்கு அனுப்பக்கூடாது என்ற உத்தரவு இருந்தும் அங்கேயே அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கில் நீதிபதி கேள்வி கேட்டார். அவரை அனுப்பியிருக்கக்கூடாது என்று ரூவேனி ஒப்புக்கொண்டார். அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்த தவறு அது. அடுத்த நாள் விடுப்பில் வைக்கப்பட்டார், பிறகு நீக்கப்பட்டார். போராட்டம் செய்யவேண்டும் என்று நினைத்து அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார். உங்களுக்கும் அந்த நிமிடம் இப்படித்தான் வரும், முன்னறிவிப்பு இல்லாமல்.

மேலதிகாரி உத்தரவிட்டார், நான் செய்தேன். பொறுப்பு அவருடையதுதானே?

ஒரு பகுதி மட்டும். அமெரிக்க மாதிரி நெறிகளில் 5.2 ஆவது விதி இதை நேராகக் கையாள்கிறது. நெறிப்படி சரியா என்பதே உண்மையில் விவாதத்துக்குரியதாக இருந்து, மேலதிகாரி நியாயமான ஒரு முடிவை எடுத்தால், கீழே இருப்பவர் அதைப் பின்பற்றலாம். தெளிவான மீறல் என்றால் உத்தரவு உங்களைக் காப்பாற்றாது. 1998ல் வந்த சட்டம் ஒன்று, அமெரிக்க மத்திய அரசின் வழக்கறிஞர்களும் தாங்கள் வாதாடும் மாநிலத்தின் தொழில் நெறிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று உறுதிசெய்தது. உங்கள் நாட்டின் விதியை இன்றே எடுத்துப் படியுங்கள். பதவி கொடுத்தவர் அதைப் பறிக்கலாம். வழக்கறிஞர் உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எதையெல்லாம் எழுத்தில் வைக்க வேண்டும்?

ஆலோசனையை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், 'நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி உறுதிப்படுத்துங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். தேதி, உத்தரவு, உங்கள் கருத்து, அதற்கான விதி இருந்தால் போதும். அலுவலகக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். உங்களை நீக்கக் காரணம் தேடுபவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சொந்தமாக ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். நாமே வழக்கறிஞர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனியாக எதிர்ப்பதா, எல்லோரும் சேர்ந்தா?

முடிந்தால் சேர்ந்து. தனியாள் மறுத்தால் அவரைத் தொந்தரவுக்காரர் என்று ஒதுக்கிவிடலாம். ஒரு பிரிவே மறுத்தால் அது செய்தியாகிவிடும்.

1969 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, மிசிசிப்பியில் கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளை ஒன்றாக்குவதைத் தள்ளிப்போட வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டது. அந்தத் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு வழக்கறிஞர்களில் பெரும்பாலானோர் எழுத்தில் கண்டனம் தெரிவித்தார்கள். அவர்களில் முன்னணியில் நின்ற கேரி கிரீன்பெர்க் வேலையை விட நேர்ந்தது. ஆனால் அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றம் இனித் தாமதம் கூடாது என்றே தீர்ப்பளித்தது.

2021 ஜனவரி 3 அன்று நடந்தது இன்னும் கூர்மையானது. தேர்தல் முடிவைச் சந்தேகத்துக்குள்ளாக்கும் கடிதம் அனுப்பத் தயாராக இருந்த ஒருவரை, நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலின் பொறுப்பில் நியமிக்க அதிபர் டிரம்ப் நினைத்தார். அப்படிச் செய்தால் துறையின் உயர்நிலை அதிகாரிகள் கூட்டமாக ராஜினாமா செய்வார்கள் என்று அவர் அறையிலேயே அவரிடம் சொன்னார்கள். நியமனம் நடக்கவில்லை. 2004 மார்ச்சிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. ரகசியக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீதித்துறை சட்ட ஒப்புதல் தர மறுத்தது, அது இல்லாமலே அதிபர் புஷ் திட்டத்தை நீட்டித்தார். துணை அட்டர்னி ஜெனரல் கோமியும் எஃப்.பி.ஐ. இயக்குநர் முல்லரும் வேறு பலரும் விலகத் தயாரானார்கள். திட்டத்தை மாற்ற புஷ் சம்மதித்தார். இரண்டு முறையும் யாரும் கடைசியில் விலகவில்லை. விலகுவார்கள் என்று அதிபர் நம்பியதுதான் வேலை செய்தது.

சேர்ந்து நிற்பதற்கு ஓர் எதிர்ப்பக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் மீதான ஊழல் வழக்கைக் கைவிடச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. மன்ஹாட்டன் அலுவலகத்தின் பொறுப்பு வழக்கறிஞர் டேனியல் சசூன் மனுவில் கையெழுத்திட மறுத்து விலகினார். அவருக்குப் பின் வேறு பலரும் விலகினார்கள். கடைசியில் நீண்ட அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர், மற்றவர்கள் வேலையிழப்பதைத் தடுக்கத் தான் கையெழுத்திட முன்வந்தார் என்று செய்திகள் வந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சக ஊழியர்களைப் பணயமாக வைத்து ஒருவரின் கையெழுத்தை வாங்குவது எவ்வளவு எளிது என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது, அதை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாவால் எதுவும் மாறுமா?

எப்போதும் இல்லை. எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பிரிட்டன் வெளியுறவு அமைச்சகத்தின் துணைச் சட்ட ஆலோசகர். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் புதிய தீர்மானம் இல்லாமல் ஈராக் மீது படையெடுப்பது சட்டவிரோதம் என்று கருதி 2003 மார்ச்சில் விலகினார். போர் நிற்கவில்லை. அவருடைய கடிதம் வெளியே வரவே 2005 ஆனது. ஆனால் அந்தக் கடிதம் இருந்ததால்தான், அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்பதை யாராலும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. 2010ல் ஈராக் போர் பற்றிய விசாரணைக் குழு முன் அவர் அதையே சாட்சியமாகச் சொன்னார்.

பிரிட்டன் அரசின் சட்டத் துறைத் தலைவர் ஜோனதன் ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 8 அன்று விலகினார். பிரெக்சிட் ஒப்பந்தத்தை மீறும் பிரிவுகளைக் கொண்ட மசோதா அப்போது வரவிருந்தது. அது சர்வதேசச் சட்டத்தை மீறும் என்று அதே நாளில் ஓர் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் அந்தப் பிரிவுகள் கைவிடப்பட்டன. அவர் ஒருவரால்தான் என்று சொல்ல முடியாது. அவர் பேசாமல் ஓய்வுபெற்றிருந்தால் அன்று அந்தச் செய்தி அவ்வளவு எடையோடு வந்திருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

விலகுவதென்றால் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிவிட்டுப் போனால் உங்கள் மனசாட்சி மட்டும்தான் பாதுகாப்பாக வெளியேறுகிறது.

எல்லோரும் விலகிவிட்டால் துறை யார் கையில் போகும்?

1973 அக்டோபர் 20 இரவை எடுத்துக்கொள்வோம். வாட்டர்கேட் வழக்கை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். காக்ஸின் சுதந்திரத்தைக் காப்பதாக செனட்டில் வாக்குக் கொடுத்திருந்த அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் விலகினார். துணை அட்டர்னி ஜெனரல் ரக்கல்ஷாஸும் மறுத்துப் போனார். மூன்றாம் நிலையில் இருந்த ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். அவரும் விலக நினைத்தவர்தான். துறை தலையில்லாமல் போய்விடும், நீங்கள் இருங்கள் என்று அவரிடம் சொன்னவர் ரிச்சர்ட்சனே. போர்க் அப்படிப்பட்ட வாக்கு எதையும் கொடுத்திருக்கவில்லை.

நவம்பர் 1 அன்று புதிய சிறப்பு வழக்கறிஞர் லியோன் ஜவோர்ஸ்கி நியமிக்கப்பட்டார், அடுத்த ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். இரண்டு பேர் மறுத்ததால் கிளம்பிய கொந்தளிப்பும் தேவைப்பட்டது, துறை கலையாமல் இருந்ததும் தேவைப்பட்டது. உத்தரவை நிறைவேற்றியதற்காகப் போர்க்கை நான் பாராட்டமாட்டேன். ஆனால் ஒருவர் விலகி, அவருடைய நண்பர் இருப்பது இருவரில் ஒருவர் கோழை என்று ஆகாது. அவரவர் கொடுத்த வாக்கு வேறு, அவரவர் மேசைக்கு வரும் கோப்பும் வேறு.

விலகாமல், அவர்களே நீக்கட்டும் என்று காத்திருக்கலாமா?

நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு உங்கள் மேசையிலேயே உட்காருங்கள். நீக்கும் முடிவை அவர்கள் எடுக்கட்டும், அதற்கான காரணத்தையும் அவர்களே எழுதட்டும். தானாக விலகினால் பல நாடுகளில் மேல்முறையீட்டு உரிமையும் சில பணப்பலன்களும் போய்விடும் என்பது நடைமுறைக் காரணம். 2017 ஜனவரியில் பொறுப்பு அட்டர்னி ஜெனரலாக இருந்த சாலி யேட்ஸ், டிரம்பின் பயணத் தடை உத்தரவைத் துறை நீதிமன்றத்தில் காக்காது என்று அறிவித்தார்; 30ஆம் தேதி இரவே நீக்கப்பட்டார். ஏன் விலகவில்லை என்று பலர் கேட்டார்கள். விலகியிருந்தால் என் நேர்மை மட்டும் காப்பாற்றப்பட்டிருக்கும், துறையின் நேர்மை இல்லை என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். உத்தரவை எதிர்ப்பவர் பொறுப்புப் பதவியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. துறை முழுவதற்கும் ஆணையிடும் நிலையில் இருப்பவருக்கு அது பொருந்தலாம். தன் ஒரு கையெழுத்தை மட்டும் மறுக்கும் சாதாரண வழக்கறிஞருக்குப் பொருந்தாது.

பத்திரிகையாளரிடம் சொல்லலாமா?

கடைசி வழி. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை வேலையை விட்ட பிறகும் தொடரும். முதலில் துறைக்குள் மேலே கொண்டுபோங்கள், அப்புறம் துறையின் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமைக் கண்காணிப்பாளர் போன்ற அமைப்பு இருந்தால் அங்கே, பிறகு சட்டமன்றக் குழுவிடம். ரூவேனி நீக்கப்பட்ட பிறகு 2025 ஜூனில் சென்றது அந்த வழியில்தான், முறையான புகாராக.

நீதிமன்றத்துக்கே போனவரும் உண்டு. கனடா நீதித்துறையின் வழக்கறிஞர் எட்கர் ஷ்மிட், மசோதாக்கள் உரிமைச் சாசனத்துக்கு முரணா என்று பார்க்கும் கடமையைத் துறை பெயரளவில்தான் செய்கிறது என்று 2012 டிசம்பரில் தன் சொந்தத் துறை மீதே வழக்குப் போட்டார். உடனே பணியிடை நீக்கம். 2016ல் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் துறை எந்த அளவுகோலை வைத்து மசோதாக்களைப் பார்க்கிறது என்பது அந்த வழக்கால்தான் எல்லோருக்கும் தெரியவந்தது.

வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் இதையெல்லாம் நினைத்து இருப்பது வெட்கப்பட வேண்டியதா?

இல்லை. அந்தக் காரணத்தைத் தேசசேவை என்று உங்களிடமே பெயர் மாற்றிச் சொல்லாதவரை. சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள், வெளியே வேலை தரக்கூடியவர்களோடு தொடர்பில் இருங்கள். போக முடியும் என்ற நிலையில் இருப்பவரின் 'முடியாது' தெளிவாக வரும். வாழ்க்கைத்துணையிடம் உங்கள் பட்டியலைக் காட்டிவிடுங்கள். அந்த இரவு வந்தால் அவருக்கு அது புதிய செய்தியாக இருக்கக்கூடாது.

நான் புதிதாகச் சேர்ந்தவர். எனக்கு என்ன செல்வாக்கு இருக்கிறது?

குறைவுதான். கற்றுக்கொடுக்க நல்ல மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இருங்கள். அவர்கள் எல்லோரும் போய்விட்டால் நீங்களும் யோசியுங்கள், ஏனென்றால் தொழிலின் முதல் சில ஆண்டுகளில் பார்ப்பதுதான் உங்களுக்கு இயல்பாகிவிடும். மூத்தவர்களுக்கு ஒன்று: கடினமான மனுவைக் கடைநிலையில் இருப்பவரிடம் தள்ளாதீர்கள். மறுக்க வேண்டியது இருந்தால் அதை மறுக்கும் வசதி உங்களுக்குத்தான் அதிகம்.

நான் மாறிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

உங்கள் வரைவுகளைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் 'சட்டவிரோதம்' என்று எழுதிய இடத்தில் இப்போது 'வழக்கு ஆபத்து உள்ளது' என்று எழுதுகிறீர்களா? மேலிடம் விரும்பாது என்று ஊகித்துக் கருத்தையே கேட்காமல் விடுகிறீர்களா? கேட்பதற்கு முன்பே இணங்க ஆரம்பித்தவருக்கு, மறுக்கும் சந்தர்ப்பமே வராது. இதற்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். உங்களை நன்றாக அறிந்த, அந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் ரகசியங்களைச் சொல்லாமலே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது கேளுங்கள், அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு செய்துவிட்டேன், போகிறேன். கடைசி நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வழக்குகளை அடுத்தவர் எடுத்து நடத்தும்படி கோப்புகளை ஒழுங்காக ஒப்படையுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கிலிருந்து விலக நீதிமன்றத்தின் அனுமதி தேவையா என்று பாருங்கள். நீதிமன்றத்தில் நீங்கள் ஏற்கெனவே சொன்னது எதுவும் தவறு என்று தெரியவந்திருந்தால், போவதற்கு முன் அதைத் திருத்துங்கள். அந்தக் கடமை உங்களுக்குப் பின் வருபவருக்கு மாறாது. வெளியே போனபின் எந்த வழக்குகளில் ஆஜராகக் கூடாது என்ற தடைகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், இருக்கப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கு வெளியே ஒரு வழக்கறிஞர் தேவைப்படும் நாள் வரலாம், உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.